சிவப்பு நட்சத்திரக் கட்டம்

தலைமைத் தபால் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் என் கடை.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
பாதி நாள் சுற்றும் மின்விசிறி.
வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள்
பிறந்த தேதிவரை தடுமாறாமல் சொல்வார்கள்.
அடுத்து அந்தக் கட்டம்:
குடும்பப் பெயர்.
ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாவிட்டால் பக்கம் நகராது.

"எங்களுக்கு அதெல்லாம் இல்லைங்க" என்பார்கள்,
டாக்டரிடம் சர்க்கரை இல்லை என்று சொல்வதுபோல.

பொன்னம்மாபேட்டை நாகபூஷணத்துக்கு இருந்தது.
குரலைத் தாழ்த்தி "கொடவலி" என்றார்.
தெலுங்கில் அரிவாள்.
தறிக்காரக் குடும்பத்துக்கு அரிவாள் எதற்கு?
யாரோ எங்கோ எதையோ அறுத்திருக்கிறார்கள்,
கதிரா கழுத்தா, தெரியாது என்றார்.
கல்யாணப் பேச்சில் மட்டும் வெளியே எடுப்பார்களாம்,
ஒரே அரிவாளுக்குள் பெண் எடுக்கக் கூடாதென்று.

இன்னொருவருக்குத் தலையெழுத்து ஆ.
விரித்தேன்: ஆத்தூர்.
இப்போது மஸ்கட்டில் ஏதோ ஒரு கிடங்கில்
"மிஸ்டர் ஆத்தூர், மிஸ்டர் ஆத்தூர்" என்று விரட்டுகிறார்களாம்.
ஓர் ஊரே லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறது.

சாதியைப் போட்டுவிடவா என்று கேட்டவரும் உண்டு.
அதற்கு வேறு படிவம், வேறு ஆபீஸ் என்றேன்.
உங்கள் தாத்தா அறுத்த வாலை
நானா ஒட்டவைப்பது?

எனக்கோ பள்ளிச் சான்றிதழில் க.
அப்பா பெயர் வைரவேல்.
எந்தக் க. அது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.
வாத்தியார் அசதியில் தன்னுடையதைப் போட்டிருப்பார்.
நான் இதுவரை எந்த நாட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

மாசியில் நாகலூரிலிருந்து மல்லிகேஸ்வரி இறங்கி வந்தாள்.
நர்ஸ். ஜெர்மனியில் முதியோர் இல்லம்.
கூட அம்மா தீர்த்தம்மாள்,
கொண்டை ஊசி வளைவுகள் குடலைப் புரட்டிய களைப்போடு,
முந்தானை முடிச்சில் எலுமிச்சம்பழம்.

மகள் வாசலில் போனோடு நின்றாள்.
அப்பா பெயர் என்னங்க என்று அம்மாவைக் கேட்டேன்.
"அதாங்க" என்று தன் பின்னலைத் தூக்கிக் காட்டினாள்.
முடியா?
"முடிதான். சீவாத முடி."
பிறகு சுவர்க் காலண்டரைக் காட்டி,
"அவருக்குத் தலையில இருக்குமில்ல."

சடையன்.
பிறந்த பிள்ளைக்குச் சிக்குப் பிடித்த முடி,
சேர்வராயன் குகைக்கு நேர்ந்து விட்டார்களாம்.
ஏழு வயதில் முடியை இறக்கினார்கள்,
பெயரை இறக்கவில்லை.
இருபத்தொன்பது வருஷமாக அவள் வாயில் அது ஏறவில்லை.
"ஏங்க", "இங்க பாருங்க", "மல்லி அப்பா",
வீட்டில் அவருக்கு இவ்வளவுதான் பெயர்.
சில்வர் ஓக்கில் ஏறி மிளகு பறிக்கிறவரைக் கூப்பிட
கீழிருந்து சின்னக் கல்லாய்ப் பார்த்து எறிவாளாம்.

தட்டினேன். நட்சத்திரம் அணைந்தது.

ஐப்பசியில் தனியாக வந்தாள், பார்சலோடு.
காப்பித்தூள், மிளகு, கம்பளிச் சட்டை.
செல்லில் ஒரு போட்டோ:
வெள்ளை உடுப்பில் மகள், நெஞ்சில் பட்டை.
இங்கே அப்பா ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி.
அங்கே மகள்தான் ஒற்றை எழுத்து;
அவர் முழுசாக நின்றார்.
"எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடறாங்களாம் இவள.
கட்டில்ல கெடக்கற கெழவிங்ககூட."
சிரிப்பா, பொறாமையா,
முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

தபால் கவுண்டர்வரை துணைக்குப் போனேன்.
குமாஸ்தா நிமிராமல் கேட்டார்:
"பெறுபவர்? கடைசிப் பேரச் சொல்லுங்க."
நான் வாயைத் திறந்தேன்.
அவள் என் கையை அழுத்தினாள்.
"சடையன்" என்றாள்.
"கேக்கல."
"சடையன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது.
அவளும் பார்த்தாள், வாசல் பக்கம்,
அவர் வந்துவிட்டாரோ என்பதுபோல.

ரசீதை எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.
ஏற்காடு பஸ் பன்னிரண்டரைக்கு.